ஸ்டாண்டுக்கு ரெண்டு மஞ்சள்

மேஸ்திரிக்கு வயது ஐம்பத்திரண்டு. அதில் முப்பது வருடம் முட்டி போட்டே கழிந்துவிட்டது. சாமி கும்பிட்டு இல்லை, தரை போட்டு. தெருவில், கடையில், கட்டட வேலையில் எல்லோருக்கும் அவர் மேஸ்திரிதான். அண்ணா என்று கூப்பிட ஒரே ஒரு ஆள் உண்டு, அவருடைய தங்கை. அந்தத் தங்கை வீட்டுக் கார் ஷெட்டுக்குத் தரை போடப் போன காலையில், ஷட்டரின் கைப்பிடியைப் பிடித்தபடி மனிதர் நின்றது நின்றபடி நின்றார்.

"என்ன அண்ணா, துரு பிடிச்சிருக்கா? எண்ணெய் கொண்டாரவா?" என்றாள் தங்கை, அடுப்படி ஜன்னலிலிருந்து.

"இல்லம்மா. இடுப்பு பிடிச்சுக்கிச்சு."

பொய். இடுப்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அந்த ஷெட்டுக்குள்தான் நான்கு மாதத்துக்கு முன்னால் அவர் மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், காருக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தபோது ஜாக் இறங்கி வண்டி மேலே உட்கார்ந்துவிட்டது. துக்கத்துக்கு வந்த மெக்கானிக் ஒருவர் வாசலில் நின்று தலையைத் தலையை ஆட்டினார். "ஜாக்கை மட்டும் நம்பி யாராவது அடியில போவாங்களா? ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு குடுக்க வேண்டாமா? இவ்வளவு கவனமான ஆளு, இது எப்படி விட்டுப்போச்சு?" என்று கேட்டார். வண்டியைத் தூக்கியபின் அடியில் முட்டுக் கொடுக்கிற இரும்புக் கால்களைத்தான் அவர் ஸ்டாண்டு என்றார். கூடியிருந்த அத்தனை பேரும் எப்படி எப்படி என்று வியந்தார்கள். மேஸ்திரி மட்டும் வியக்கவில்லை. அந்த ஸ்டாண்டுகள் இரண்டும் அவருடைய வேனில் சாக்குக்கு அடியில் கிடந்தன.

நாலு நாளில் தருகிறேன் என்று மாப்பிள்ளையிடம் வாங்கிப்போனது. வாங்கி இரண்டு மாதம் கழித்து மாப்பிள்ளை போனார். அதற்கப்புறமும் நாலு மாதம் ஓடிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தங்கை முகத்தில் விழிக்க முடியாது. அப்பா அம்மா போனபின் அவருக்கு மிஞ்சிய ஒரே உறவு அவள்தான், அவளும் வாசல் கதவைச் சாத்திவிட்டால் அப்புறம் எதற்கு இந்த உயிர் என்று இருந்தார். தூக்கி எறியவும் முயன்றார், அதையும் சொல்லிவிடுகிறேன். பழைய இரும்புக் கடை வாசல்வரை கொண்டுபோனார். கடைக்காரர் கை நீட்டியதும், "இல்லைங்க, வேற ஆளோடது" என்று திரும்பி வந்துவிட்டார். அன்றிலிருந்து வேன் ஒவ்வொரு வளைவில் திரும்பும்போதும் பின்னாலிருந்து கடக் கடக் என்று அவை உருளும். சாக்கை இரண்டாக மடித்துச் சுற்றினார். மூன்றாகச் சுற்றினார். அப்போதும் கேட்டது. முன் இருக்கையில் யாரும் இல்லாதபோதும், யாரோ பின்னால் உட்கார்ந்து வருகிற மாதிரியே முதுகு கூசும்.

ஒரு வழியாக ஷட்டர் மேலே போனது.

உள்ளே கார் இல்லை. அதை அப்போதே எடுத்துப் போய்விட்டார்கள். ஆனால் கார் நின்ற இடம் இருந்தது, அதுதான் தொல்லை. மாப்பிள்ளை ஒரு பெரிய கிடங்கில் பொறுப்பாளர். அங்கே எந்தச் சாமான் எங்கே நிற்க வேண்டுமோ அதைச் சுற்றித் தரையில் வெள்ளைப் பெயின்டில் கோடு போட்டிருப்பார்களாம். அந்தப் பழக்கத்தை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். சக்கரங்களுக்கு நான்கு கட்டம், ஜாக்குக்கு ஒரு வட்டம், அதன் இரண்டு பக்கமும் ஸ்டாண்டுக்கு இரண்டு சதுரம். சதுரத்துக்குள் கொட்டை எழுத்தில் 'ஸ்டாண்டு 1', 'ஸ்டாண்டு 2' என்று வேறு எழுதி வைத்திருந்தார். "மாப்பிள்ளை, அசந்து தூங்குறப்ப என் தங்கச்சியைச் சுத்தியும் கோடு போட்டுடாதீங்க" என்று மேஸ்திரி கிண்டல் பண்ணியதுண்டு. மாப்பிள்ளை சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரிப்பார். தனக்கென்று எதையும் வாய்விட்டுக் கேட்கத் தெரியாத மனிதர். பெண் எடுத்த வீட்டில் இன்னொரு கரண்டி சோறு கேட்கக்கூடக் கூச்சப்பட்டவர்.

இரண்டு சதுரத்துக்கும் நடுவில் தரை வெளுத்திருந்தது. பிளீச்சிங் பவுடர் போட்டு யாரோ தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். மற்ற இடமெல்லாம் எண்ணெய்க் கறுப்பு, அந்த ஒரு ஆள் நீளம் மட்டும் பளிச்சென்று இருந்தது. மேஸ்திரி சுவரோரமாகவே நடந்து உள்ளே போனார்.

தங்கை பின்னாலேயே வந்து மூலையிலிருந்த அட்டைப்பெட்டிகளைக் காட்டினாள். "அவரே போடணும்னு ஆசையா வாங்கி வச்சது. பெட்டியைப் பிரிக்கக்கூட இல்ல. வீணாப் போக வேண்டாம், நீ போட்டுடு அண்ணா." பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினாள். அதற்குள் மடித்த காகிதம். "அவர் வரைஞ்சு வச்ச பிளான். பார்த்துப் போடு."

மேஸ்திரி அதைப் பிரித்தார். கட்டம் போட்ட தாளில் சாம்பலும் கறுப்பும் மாற்றி மாற்றித் தீட்டியிருந்தது. ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார். முப்பது வருட மேஸ்திரிக்குக் கிடங்குக்காரர் பிளானா? அதுவும் இதற்கு? சிமென்ட் இல்லை, கலவை இல்லை, மட்டம் பார்க்க ஒன்றுமில்லை. ஓரடிக்கு ஓரடி பிளாஸ்டிக் சதுரம். இதன் கொக்கி அதன் துளையில் உட்கார வேண்டும், ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு, டக், முடிந்தது வேலை. "இதெல்லாம் ஒரு டைல்ஸா? பிள்ளைங்க விளையாடுற சாமான்" என்றார்.

"அவரும் அப்படித்தான் சொன்னாரு. மச்சான் பார்த்தா சிரிப்பாருன்னு" என்றாள் தங்கை. அவள் சிரிக்கவில்லை. அண்ணன் சட்டைப் பையையே ஒரு நிமிடம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வேலையை நடுவிலிருந்து தொடங்கியிருக்கலாம், வாசலிலிருந்து தொடங்கியிருக்கலாம். இவர் எங்கிருந்து தொடங்கினார் தெரியுமா? நேராக அந்த இரண்டு சதுரத்திலிருந்து. முதல் டைல்ஸ் 'ஸ்டாண்டு 1' மேல், இரண்டாவது 'ஸ்டாண்டு 2' மேல். அந்த எழுத்து மறைந்ததும்தான் அவருக்கு மூச்சே சீராக வந்தது. அப்புறம் வெளுத்த இடம். கை பரபரவென்று ஓடியது. டக். டக். டக். கடைசிப் பெட்டியைப் பிரித்தபோது சாம்பல், கறுப்புக்கு நடுவில் மஞ்சளாக இரண்டு டைல்ஸ் கிடந்தன. கடைக்காரன் தூக்கக் கலக்கத்தில் மாற்றிப் போட்டிருப்பான் என்று அவற்றைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

மத்தியானத்துக்குமேல் ஒரு விஷயம் அவரை உறுத்தியது. அவர் ஒரு தட்டு தட்டினால், கொஞ்ச நேரம் கழித்து முதுகுக்குப் பின்னால் இன்னொரு தட்டு கேட்டது. டக். திரும்பிப் பார்த்தால் ஒன்றுமில்லை. எதிரொலி என்று நினைத்துக்கொண்டார். காலி ஷெட், தகர ஷட்டர், எதிரொலிக்கும்தானே. ஆனால் எதிரொலி உடனே வரும். இது இவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கும்போதுதான் வந்தது. அன்றைக்குச் சீக்கிரமே சாமானைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் ஓரம் வெட்டுகிற வேலை. அங்கேதான் மேஸ்திரியின் கைச்சுத்தம் தெரியும். அவர் போட்ட தரையில் சுவரோரம் ஊசி போகாது, அப்படி ஒரு பெயர். ஒவ்வொரு துண்டையும் அளந்து வெட்டி, சுவரோடு சுவராக வைத்து, முழங்கையால் ஒரு அழுத்து அழுத்தி உட்காரவைத்தார். நாலு பக்கமும் இறுக்கம். மதியச் சாப்பாட்டுக்குமுன் முடிந்துவிட்டது. எழுந்து நின்று பார்த்தார். கோடு இல்லை, வட்டம் இல்லை, வெளுப்பு இல்லை. சாம்பலும் கறுப்புமாகப் புத்தம்புதுத் தரை. இனி யார் வந்து பார்த்தாலும் ஸ்டாண்டு என்று ஒன்று இந்த வீட்டில் இருந்ததற்கே அடையாளம் கிடையாது. அப்பாடா என்று இருந்தது அவருக்கு. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

மூன்று மணி இருக்கும். சாமானைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். மேற்கு வெயில் திறந்த ஷட்டர் வழியாகத் தரை முழுவதும் விழுந்திருந்தது. டக் என்றது.

திரும்பினார். யாருமில்லை. சுத்தியல் பைக்குள் இருந்தது.

டக். டக்.

தரையின் நடுவில் நான்கைந்து டைல்ஸ் ஒன்றாகச் சேர்ந்து மெல்ல மேலே எழும்பிக்கொண்டிருந்தன. காற்றில்லை, கை இல்லை, ஒன்றுமில்லை. அடியில் ஒருவர் மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கினால் போர்வை எப்படி எழும்புமோ அப்படி எழும்பின. எந்த இடத்தில் என்கிறீர்கள்? வெளுத்த இடத்தில்.

மேஸ்திரி ஓடிப்போய் அதன்மேல் ஏறி நின்றார். அவர் கனத்துக்கு அது தாழ்ந்தது. ஆனால் இரண்டடி தள்ளி 'ஸ்டாண்டு 1' இருந்த இடம் எழும்பியது. அங்கே காலை வைத்தார், 'ஸ்டாண்டு 2' எழும்பியது. மண்டியிட்டு இரண்டு கையாலும் அழுத்தினார். டைல்ஸ் கதகதவென்று இருந்தது, உயிருள்ள உடம்பைத் தொட்டதுபோல. முப்பது வருடத்தில் எத்தனையோ தரையைத் தொட்ட கை அது, வெடுக்கென்று பின்வாங்கியது. அப்புறம் பயத்திலா துக்கத்திலா தெரியவில்லை, மறுபடி அதன்மேல் கவிழ்ந்துகொண்டார். வாய் தானாகப் பேசியது.

"மாப்பிள்ளை... விட்டுடுங்க மாப்பிள்ளை. கொண்டு வந்திருக்கேன். வண்டியிலதான் இருக்கு. கொடுத்துடுறேன், விட்டுடுங்க."

"என்ன இருக்கு வண்டியில?"

அடுப்படியிலிருந்து ஷெட்டுக்கு வருகிற வாசலில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். கையில் டீ டம்ளர். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

சொல்லியிருக்கலாம். இதைவிட நல்ல நேரம் எந்த மனிதனுக்கும் வாய்க்காது. தரையே எழுந்து கேட்கிறது, தங்கையும் கேட்கிறாள். ஆனால் இந்த மனிதர் என்ன சொன்னார்?

"ஒண்ணுமில்லம்மா. டைல்ஸ் லாட் சரியில்ல. வெயில்ல தூக்கிக்குது பாரு. கடைக்காரன் ஏமாத்திட்டான்."

தங்கை டம்ளரைப் படியில் வைத்தாள். நிதானமாக, ஒரு சொட்டுச் சிந்தாமல் வைத்தாள். "நான் கொடுத்த காகிதத்தைப் படிச்சியா?"

"பார்த்தேனே. கட்டம் கட்டமா..."

"பின்பக்கம்?"

பின்பக்கமா? மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து அதை எடுத்தார். வியர்வையில் உறை உடம்போடு ஒட்டியிருந்தது. காகிதத்தைத் திருப்பினார். கிடங்குச் சீட்டில் எழுதுகிற அதே குண்டு குண்டான எழுத்தில், வரிசையாக எழுதியிருந்தார் மாப்பிள்ளை.

'சுவரோரம் நாலு பக்கமும் ஒரு விரல் இடம் விடணும். வெயில்ல டைல்ஸ் விரியும். இடம் இல்லாட்டி நடுவுல தூக்கிக்கும்.

ஷட்டர் பக்கம் முதல் வரிசை.

மஞ்சள் ரெண்டும் ஸ்டாண்டுக்கு. இனிமே பெயின்ட் கோடு வேண்டாம்.

ஸ்டாண்டு மச்சான்கிட்ட இருக்கு. கேட்டா சங்கடப்படுவாரு. தானா கொண்டு வருவாரு. அதுவரைக்கும் ஜாக்கை வச்சு சமாளிச்சுக்கலாம்.'

ஆக, பேயுமில்லை, பிசாசுமில்லை. சிமென்ட் தரை போட்டுப் பழகிய கை, இடம் விட வேண்டிய இடத்தில் இறுக்கிவிட்டது. விரிவதற்கு வழியில்லாமல் தரை தூக்கிக்கொண்டது. நேற்றுக் கேட்ட தட்டும் வெயிலில் கொக்கிகள் விரிந்த சத்தம்தான். அவ்வளவுதான் விஷயம். அது புரிந்தும் மேஸ்திரிக்குக் கடைசி வரியை விட்டுக் கண் நகரவில்லை. பேயாக இருந்திருந்தால் அவர் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருப்பார்.

"கருமாதி முடிஞ்ச மறுநாளே அவர் மேஜையில இதைப் பார்த்துட்டேன்" என்றாள் தங்கை. குரல் உயரவே இல்லை. "நீயா சொல்லுவேன்னு இருந்தேன். வாராவாரம் வந்து இந்த வீட்டுல உட்கார்ந்துட்டுப் போனே. சொல்லல. சரி, ஷெட்டைப் பார்த்தா வாய் வரும்னு தரை போடக் கூப்பிட்டேன். முதல் வேலையா அந்த ரெண்டு சதுரத்தை மூடினே, ஜன்னல்ல இருந்து பார்த்துட்டுதான் இருந்தேன். காகிதத்தையே கையில கொடுத்தேன். திருப்பிக்கூடப் பார்க்கலியே அண்ணா நீ."

மேஸ்திரி காகிதத்தை மடித்தார், மறுபடி பிரித்தார்.

"கேக்க எனக்கும் வாய் வரல. அவர்கூட இருந்து இருந்து அந்தப் புத்தி எனக்கும் ஒட்டிக்கிச்சு போல" என்றாள். பிறகு முதல் தடவையாக அவர் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். "ஒண்ணு மட்டும் சொல்லு. அத்தனை நாளு அதை எதுக்கு வச்சிருந்தே? வண்டிக்கா?"

இந்தக் கேள்வியைத்தான் அவர் நான்கு மாதமாகத் தனக்குள்ளேயே கேட்டுக்கொள்ளாமல் தப்பித்து வந்தார்.

"வண்டிக்கு ரெண்டு நாள்தான்மா. அப்புறம்... வேலை இடத்துல. கல் வெட்டுறதுக்குப் பலகை போடுவோம்ல. அந்தப் பலகைக்கு ரெண்டு பக்கமும் முட்டு."

"பலகைக்கா?"

"உயரம் சரியா இருந்துச்சு."

தங்கை அப்படியே படியில் உட்கார்ந்தாள். டம்ளர் சாய்ந்து டீ வழிந்ததை அவள் கவனிக்கவில்லை. "நாள் பூரா செங்கல்லுக்கு நடுவுல நிக்கிற ஆளு நீ. பலகைக்கு முட்டுக் கொடுக்க நாலு செங்கல் கிடைக்கலையா உனக்கு?"

அறைந்திருந்தால் தேவலை. திட்டியிருந்தால், வெளியே போ என்று கத்தியிருந்தால் அதையாவது பிடித்துக்கொண்டு அழுதிருப்பார். நாலு செங்கல். எல்லா வேலை இடத்திலும் காலில் இடறியது செங்கல்தான். குனிந்து அடுக்கச் சோம்பல் பட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஒரு மனிதனின் உயிருக்கு எதிரே வைத்துப் பார்க்க அவரிடம் வேறு காரணமே இல்லை.

"தப்புதான்மா" என்றார். அது அவர் காதுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னார். "என்னாலதான். நான் கொடுத்திருந்தா அவர் இருந்திருப்பாரு. உன் முகத்துல முழிக்க முடியாதேன்னுதான் மறைச்சேன்."

வெயில் இன்னும் தரையில்தான் இருந்தது. டக் என்று ஒரு கொக்கி கழன்றது. இருவருமே அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கடைசியில் அவள்தான் எழுந்தாள். "போய் எடுத்துட்டு வா."

வேன் வாசலில்தான் நின்றது. மேஸ்திரி சாக்கைப் பிரித்தார். இரும்புக் கால்களில் சிமென்ட் பால் வழிந்து காய்ந்திருந்தது, கல் தூள் அப்பியிருந்தது. கைக்கு ஒன்றாகத் தூக்கி வந்து வாசற்படியில் வைத்தார். தங்கை அவர் பையிலிருந்து சுரண்டியை எடுத்தாள். உட்கார்ந்து, முதல் ஸ்டாண்டை மடியில் சாய்த்துக்கொண்டு, காய்ந்த சிமென்டை ஒவ்வொரு பொருக்காகப் பெயர்த்தாள். அவர் கை நீட்டினார், அவள் தரவில்லை. "நீ உன் வேலையைப் பாரு" என்றாள்.

மேஸ்திரி நடுவிலிருந்த டைல்ஸைக் கழற்றினார். அவ்வளவு ஆசையாக மறைத்த வெள்ளைக் கோடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. 'ஸ்டாண்டு 1'. 'ஸ்டாண்டு 2'. சுவரில் சாய்த்திருந்த மஞ்சள் இரண்டையும் எடுத்து அந்த எழுத்துகளின் மேல் வைத்தார். அளந்தே வாங்கியிருக்கிறார் மாப்பிள்ளை, கோட்டை ஒட்டி அப்படியே உட்கார்ந்தன. சுத்தியலால் தட்டக் கை வரவில்லை. உள்ளங்கையாலேயே அழுத்தினார்.

தங்கை ஸ்டாண்டுகளைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு மஞ்சளில் ஒன்று, இன்னொரு மஞ்சளில் மற்றொன்று. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். இரண்டாவதை இம்மி நகர்த்தினாள்.

"தானா கொண்டு வருவாருன்னு எழுதியிருந்தாரு" என்றாள். "கொண்டு வந்துட்டே."

அதில் கோபம் இருந்ததா, பரிகாசம் இருந்ததா, இரண்டும் இல்லையா என்று மேஸ்திரிக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

"ஓரத்தை நாளைக்கு வந்து வெட்டு. அவர் சொன்னபடி ஒரு விரல் விட்டு வெட்டு" என்றாள். "இப்போ போ அண்ணா. கொஞ்ச நேரம் நான் இங்க இருக்கணும்."

அண்ணா என்றாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் வேனில் ஏறினார். தெருக்கோடியில் எப்போதும் திரும்புகிற வளைவு வந்தது. பழக்கத்தில் முதுகை விறைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கைத் திருப்பினார்.

பின்னால் சத்தமே இல்லை. மேஸ்திரி வண்டியை ஓரமாக நிறுத்தினார். மாப்பிள்ளை போன அன்றைக்கு ஊருக்காக அழுதவர், இப்போதுதான் மாப்பிள்ளைக்காக அழுதார்.